மின்கோபுரமும் முதுகெலும்பும்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பல்லார்ஷா தாண்டிய பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து வந்தவர்கள், வயல்களுக்கு நடுவே வரிசையாக நிற்கும் மின்கோபுரங்களைக் கவனித்திருப்பீர்கள். நான்கு கால்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கும் இடையில் இன்னும் சிறிய துண்டுகள். என் மகன் சிறுவனாக இருந்தபோது, "இவ்வளவு குறுக்குக் கம்பி எதுக்குப்பா? நாலு காலும் கெட்டியா இருந்தாப் போதாதா?" என்று கேட்டான். பொறியியல் படித்தவன் என்ற முறையில் ஏதோ சொல்லி வைத்தேன். அந்தக் கேள்வியின் முழு அர்த்தம், பல வருடங்கள் கழித்து என் தாயாரின் முதுகு வளைந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

வீட்டில் விளக்குமாறு இருந்தால் ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். அதை மேஜைமீது செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் விரலால் அழுத்திப் பாருங்கள். குச்சி நசுங்குவதில்லை, பக்கவாட்டில் வில்லாக வளைந்து நொடிந்துவிடுகிறது. இப்போது அதே குச்சியின் நடுப்பகுதியை விலகாதபடி இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். முன்னைப்போல் சுமார் நான்கு மடங்கு பாரம் தாங்கும். தூணின் நீளம் பாதியானால் வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்கு, மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கைச் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர் 1744லேயே எழுதி வைத்துவிட்டார்.

மின்கோபுரத்தின் குட்டித் துண்டுகள் செய்வது, நடுவில் பிடித்துக்கொண்ட அந்த விரல்களின் வேலைதான். அவற்றில் பல, தாமாக ஏறக்குறைய எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. சும்மா இருப்பதுபோல் இருக்கும். அதனால்தானோ என்னவோ, அவற்றைக் கழற்றி பழைய இரும்புக்கு விற்றுவிடுகிற திருடர்களும் நம் நாட்டில் உண்டு. கோபுரம் அன்றே விழாது. நல்ல காற்றடிக்கும் ஒருநாள் விழும்.

சரி, சட்டங்களால் ஒரு பின்னல் செய்தோம். அந்த ஒவ்வொரு சட்டத்தையும் கெட்டி இரும்பாகச் செய்யாமல், அதையே ஒரு சிறு பின்னலாகச் செய்தால்? அந்தச் சிறு பின்னலின் சட்டங்களையும் அப்படியே செய்தால்? இதற்குப் படிநிலைப் பின்னல் என்று பெயர் சொல்லலாம். இதற்குப் பெரிய உதாரணம் 1889ல் திறக்கப்பட்ட பாரிஸ் ஐஃபல் கோபுரம். தூரத்திலிருந்து தூணாகத் தெரிவது அருகில் போனால் பின்னல். அந்தப் பின்னலின் சட்டம் இன்னும் அருகில் போனால் மீண்டும் பின்னல். 18,038 இரும்புத் துண்டுகள், 25 லட்சம் ரிவெட்டுகள். இரும்பின் எடை சுமார் 7,300 டன். இத்தனையையும் உருக்கிக் கோபுரத்தின் அடிச் சதுரத்துக்குள் பரப்பினால் ஆறு சென்டிமீட்டர் உயரம்தான் வரும்! நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

அந்தக் கோபுரத்துக்கு முதல் வரைபடம் போட்டவர்களில் ஒருவர் மாரிஸ் கோக்லான். அவர் ஜூரிச்சில் கார்ல் குல்மான் என்ற பேராசிரியரிடம் படித்தவர். அந்தக் குல்மான் 1866ல், உடற்கூறு அறிஞர் ஹெர்மான் ஃபான் மேயர் காட்டிய தொடையெலும்பின் நெடுக்குவெட்டைப் பார்த்து வியந்துபோனார். இடுப்பருகே எலும்பின் உட்புறத்தில் ஓடிய மெல்லிய இழைகள், அவர் தம் மாணவர்களுக்கு வரைந்து காட்டும் பாரந்தூக்கியின் விசைக்கோடுகளைப் போலவே வளைந்து சென்றன. எலும்பைப் பார்த்துத்தான் ஐஃபல் கோபுரம் கட்டினார்கள் என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் இரண்டும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை.

எலும்பு இந்தக் கலையில் ஐஃபலையும் மிஞ்சியது. வெளியே கெட்டியான ஓடு. மூட்டுகளின் அருகிலும் முதுகெலும்பின் துண்டுகளுக்குள்ளும் பஞ்சுபோன்ற பின்னல். அதன் ஒரு சட்டத்தின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தச் சட்டம் தகடு தகடாக அடுக்கப்பட்டது. தகடு கொலாஜன் நார்களால் ஆனது. நாருக்குள்ளும் நார்களுக்கு இடையிலும் கால்சியம் பாஸ்பேட் துகள்கள். ஒரு விரிசல் ஓட நினைத்தாலும் ஒவ்வொரு படியிலும் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும்.

2015ல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் ஜூலியா கிரியர் குழுவினர், சட்டங்களே பின்னலாக அமைந்த நுண்பின்னல்களைச் செய்து காட்டினார்கள். எளிதில் நொறுங்கும் பீங்கான் வகைப் பொருளில் செய்தவைகூட, அழுத்திவிட்டால் பெருமளவு பழைய உருவுக்குத் திரும்பின. துளைகள் நிறைந்த டைட்டானியப் பின்னலாக அச்சிடப்பட்ட செயற்கை இடுப்புமூட்டுப் பகுதிகள் இன்று மருத்துவமனைகளில் பொருத்தப்படுகின்றன. எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்கிறது.

இனி என் தாயார் விஷயம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு கட்டப்படுவதைவிடக் கரைவது அதிகமாகிறது. முதுகெலும்பில் முதலில் மெலிந்து மறைபவை பெரும்பாலும் படுக்கைவாட்டுச் சட்டங்கள், அதாவது குறுக்குக் கம்பிகள். ஒரு குறுக்குக் கம்பி போனால் அதன் மேலும் கீழும் இருந்த நெட்டுச் சட்டம் ஒரே நீளமாகிவிடும். வலு நான்கில் ஒன்று. எலும்பின் அளவு கொஞ்சம்தான் குறைந்திருக்கும், வலுவோ அதைவிட மிக அதிகமாகக் குறைந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் இராது. சாதாரண எக்ஸ்ரேயில்கூடக் கணிசமாகக் கரைந்த பிறகே தெரிகிறது. டெக்ஸா பரிசோதனை தாதுவின் அளவைச் சொல்லும். அறுந்த இணைப்புகளை எண்ணிச் சொல்லாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. புதிய எலும்பு, இருக்கிற எலும்பின் மேல்தான் படியும். மருந்தால் மிச்சமுள்ள சட்டங்களைத் தடிமனாக்கலாம், மேலும் கரையாமல் பெருமளவு தடுக்கலாம். அறுந்துபோன குறுக்குக் கம்பியை மறுபடி கட்டுவது மிகக் கடினம். ஆகவே மருத்துவரிடம் போவதில் முந்துவதற்கும் பிந்துவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

நாங்கள் பிந்திவிட்டோம். அம்மா தண்ணீர் வாளியைத் தூக்கியபோது முதுகில் சுளீரென்றது. வாயுப் பிடிப்பு என்று இரண்டு மாதம் தைலம் தேய்த்தோம். அதற்கும் முன்பே புடவை தரையில் புரள்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உயரம் குறைந்திருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கியிருந்தன. நான்காவது மாடி ஃபிளாட்டில் வெயில்படாமலே வருடங்கள் போயிருந்ததால் வைட்டமின் டி அளவும் மிகக் குறைவு. இப்போது காலையில் மொட்டைமாடிக்கு அழைத்துப் போகிறோம். துணி உலர்த்தும் கொடியை அவர் கைக்கு எட்டும்படி ஒரு சாண் இறக்கிக் கட்டியிருக்கிறேன்.