வென்ற கூலிக்கும் வரி உண்டு

உழைத்த கூலி முழுமையாக வந்து சேராத வேதனையை அறியாத உழைப்பாளர் குடும்பம் அரிது. நம் பிள்ளைகள் சிலர் வேலைக்குச் சென்றுள்ள ஐக்கிய அமெரிக்க நாட்டிலும் இக்குறை உண்டு. மிகைநேர வேலைக்குக் கூலி பெறாத தொழிலாளருள் ஓரிருவர் முன்நின்று, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் ஒரே வழக்குத் தொடுக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இதனைக் கூட்டு வழக்கு எனலாம். பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்பே சமரசம் ஏற்படுகிறது. நீதிமன்றம் அதனை ஏற்றபின் ஒவ்வொருவர் பங்கும் காசோலையாக வீடு தேடி வருகிறது.

காசோலையைக் கண்டதும் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும். பழைய கடன், பிள்ளைகளின் படிப்பு என்று செலவுகள் வரிசையில் நிற்கும். "இழைத்த அநீதிக்கு ஈடாக வந்த பணந்தானே, இதற்குமா வரி?" என்றே எவரும் எண்ணுவர். பலர் இடறுவது இங்கேதான்.

வரிச் சட்டம் முதலில் கேட்பது, "இத்தொகை எதற்கு ஈடாக வந்தது?" என்பதே. உடற்காயத்துக்கோ உடல் நோய்க்கோ ஈடாக வந்த தொகைக்குப் பொதுவாக மத்திய வருமான வரி இல்லை. மனவேதனைக்காகத் தரப்படுவதோ, அவ்வேதனை உடற்காயத்தால் விளைந்ததாக இல்லாவிடில், பொதுவாக வரிக்குரியது. 1996-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதனைத் தெளிவாக்கிற்று.

கூலி வழக்குகளில் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு 3,000 டாலர் கிடைப்பதாகவும், அதில் 1,000 டாலர் நிலுவைக் கூலி, எஞ்சிய 2,000 டாலர் வட்டியும் அபராதமும் எனச் சமரசம் வகுத்திருப்பதாகவும் கொள்வோம். கூலிப் பகுதி மாதச் சம்பளத்தைப் போன்றதே. சமூகப் பாதுகாப்புக்கு 6.2 விழுக்காடும், முதியோர் மருத்துவக் காப்புக்கு 1.45 விழுக்காடுமாக 76 டாலர் 50 சென்ட் பிடிக்கப்படும். வருமான வரியும் முன்கூட்டியே கழிக்கப்படும்.

எஞ்சிய 2,000 டாலரில் பொதுவாக எதுவும் பிடிப்பதில்லை; முழுமையாகக் கைக்கு வரும். ஆனால் அது வரியற்ற பணம் அன்று. 12 விழுக்காட்டுப் படிநிலையில் உள்ளவர் அதற்காக 240 டாலர் தாமே செலுத்த வேண்டும். மாநில வரி இருப்பின் அது வேறு. பணத்தைச் செலவிட்டுவிட்ட குடும்பத்துக்கு, கணக்குக் காட்டும் ஏப்ரல் 15 கடன் நாளாகிவிடுகிறது.

கூலி பல ஆண்டுகளுக்கு முந்தியதாயினும், பணம் கைக்கு வந்த ஆண்டின் கணக்கிலேயே வரி விழுகிறது. கிளீவ்லண்ட் இண்டியன்ஸ் என்னும் பேஸ்பால் அணி, 1986, 1987-ஆம் ஆண்டுகளில் வீரர்களுக்குத் தந்திருக்க வேண்டிய சம்பளத்தை ஒரு சமரசத்தின்படி 1994-இல் கொடுத்தது. பழைய ஆண்டுகளின் கணக்கில் சேர்த்தால் சமூகப் பாதுகாப்பு வரி மிகக் குறையும் என்று அணி வாதாடியது. பணம் கொடுத்த ஆண்டின் விகிதமே பொருந்தும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி தாமதித்து வந்தாலும் வரி அதற்காகப் பின்னோக்கிச் செல்வதில்லை.

ஆகவே, காசோலையுடன் வரும் கடிதத்தைக் குப்பையில் போடாதிருப்போமாக. எத்தொகை கூலி, எத்தொகை வட்டி என்பதை அதில் பார்த்து, பிடித்தம் செய்யப்படாத பகுதியில் வரிக்குரியதை முதலிலேயே தனியே எடுத்து வைப்போம். ஐயம் எழுந்தால் வரிக் கணக்கறிந்தவரை நாடுவோம். அந்நாட்டில் உழைக்கும் நம்மவர்க்கு எழுதும் அடுத்த கடிதத்தில் இதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுவது நன்று. போராடிப் பெற்ற கூலி புதுக் கடனுக்கு வித்தாகக் கூடாது.