விசிறித்தொண்டை ஓணான்

விசிறித்தொண்டை ஓணான் (சிடானா) என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட திறந்தவெளிகளில் வாழும் ஓணான் பேரினம் ஆகும். 1829 இல் கியுவியே இதனை விவரித்தார். அவர் முதல் இனத்திற்கு இட்ட 'பொண்டிசேரியானா' என்னும் பெயர் புதுச்சேரியைக் குறிக்கும். பின்னங்கால்களில் நான்கு விரல்களே உண்டு. விரைந்தோடும்போது அவ்விரு கால்களால் மட்டுமே ஓடவல்லது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் கல்லின்மீது ஏறி நின்று, தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்து மடக்கும். இதன் நீல, செம்மஞ்சள் நிறங்கள் இனத்திற்கு இனம் வேறுபடும். பெண்ணுக்கு இவ்விசிறி இல்லை.

2016 இல் தென் தமிழகத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஓர் இனத்திற்கு, இரு சங்கத் திணைகளை இணைத்து 'மருதம்நெய்தல்' எனப் பெயரிட்டனர். திணைப்பெயர் தாங்கும் ஓணான் அரிதே!

சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ளவை போன்ற மானாவாரி நிலங்களும் முட்புதர் வெளிகளும் இவ்வோணான்களுக்கு ஏற்றவை. இவ்வெளிகள் பெரும்பாலும் 'தரிசு' என்றே கருதப்படுகின்றன. சீமைக்கருவேலம் அடர்ந்து மூடினால், விசிறியை விரித்துக் காட்டத் திறந்தவெளி எஞ்சாது.