சேறு ஓடும்போதே புகார் செய்யுங்கள்

சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் கோலகுபு என்ற பழைய ஊர் இருந்தது. ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மண் ஆண்டுக்கணக்கில் இறங்கி, ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே போனது. வெள்ளத்துக்கு மேல் வெள்ளம். கடைசியில் ஆங்கிலேய அரசு ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றியது. இன்றைய கோலகுபு பாரு அப்படி வந்ததுதான். ஓர் ஊரைக் காலிசெய்ய நஞ்சு வேண்டியதில்லை, சேறே போதும்.

அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், பெஸ்தாரி ஜெயாவிலும் கோல சிலாங்கூரிலும், செம்பனை சாய்ந்த இடங்களில் இப்போது தாமான்கள் எழும்புகின்றன. மரம் வெட்டிய நாளுக்கும் புல் பதிக்கும் நாளுக்கும் இடையில் நிலம் வெறுமையாகக் கிடக்கும். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை கொட்டினால் மேல்மண் கரைந்து தோட்டத்துக் கால்வாயில் இறங்கிவிடும். அந்தக் கால்வாய்க்குப் பெரும்பாலும் பெயர்கூட இருக்காது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்படவும் ஆளிருக்காது. ஆனால் அது போய்ச் சேரும் சிலாங்கூர் ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் தருகிறது. 2020 செப்டம்பரில் ரவாங்கில் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது.

கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் படகிலிருந்து பார்ப்பது பெரெம்பாங் மரத்தில் மின்னும் பூச்சியை மட்டும். அதன் புழுப் பருவம் கழிவது கரையோர ஈரமண்ணில், சின்ன நத்தைகளைத் தின்று. கரையை வழித்துச் சமன்செய்தால், மரம் நின்றாலும் பூச்சி இராது.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவுப்படி, நகராண்மைக் கழகம் வரைபடத்தை அங்கீகரிக்காமல் மண் வேலையைத் தொடங்கவே கூடாது. மண் படியும் குட்டைகள், சுற்றுத் தடுப்பு, லாரிச் சக்கரம் கழுவும் இடம் எல்லாம் வீடுகள் எழும்பிய பிறகு வைப்பதற்கல்ல, முதல் இயந்திரம் இறங்கும்போதே இருக்க வேண்டியவை. ஆற்றோர ஒதுக்கீட்டுக்கு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி அளவு சொல்கிறது: 5 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்குக்கூட இரு கரையிலும் 5 மீட்டர், 40 மீட்டரைத் தாண்டிய ஆற்றுக்கு 50 மீட்டர். ரவாங் சம்பவத்துக்குப் பிறகு, சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸின் சட்டம் திருத்தப்பட்டு, நீர்வளத்தை மாசுபடுத்தினால் 2 லட்சம் முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்றானது.

வடக்கே ராஜா மூசா பக்கத்துக் கரிச்சதுப்பு நிலம் வேறு வகை. அதில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் நிலம் சுருங்கித் தாழும், வறட்சியில் தீயும் பிடிக்கும். அத்தகைய மண்ணில் தூண் ஊன்றிக் கட்டிய வீடு நிற்கும். சுற்றியுள்ள தரையும் சாக்கடையும் இறங்கும். வீடு வாங்குமுன் மண்ணின் வகையைக் கேளுங்கள்.

இதையெல்லாம் பேசினால், லயத்தில் தலைமுறைகளைக் கழித்துவிட்டுச் சொந்த வீட்டுக்குக் காத்திருக்கும் நம் குடும்பங்கள், "எங்களுக்கு வரும் வீட்டையும் தடுக்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் அடைபட்ட கால்வாயின் வெள்ளம் முதலில் நுழைவதும் பள்ளத்தில் மலிவாகக் கட்டிய அந்த வீடுகளில்தானே?

ஆட்சேபம் சொல்ல இரண்டு வாய்ப்புகள் உண்டு. நகராண்மைக் கழகம் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது யாரும் எழுதிக் கொடுக்கலாம். அப்படித் திட்டமே இல்லாத பகுதியென்றால், பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க 21 நாள். அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

வேலை தொடங்கிவிட்டால் மழை நின்றதும் போய்ப் பாருங்கள். கட்டுமான இடத்துக்கு மேலே கால்வாய் நீர் எப்படி இருக்கிறது, கீழே எப்படி இருக்கிறது என்று ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்கள் பத்துக் கடிதங்களுக்குச் சமம். வாசலில் உள்ள திட்டப் பலகையையும் படமெடுங்கள். மேம்பாட்டாளர், குத்தகையாளர், பொறியியலாளர் பெயர்கள் அதில் இருக்கும். அத்துமீறி உள்ளே போக வேண்டாம். ஒரே புகாரை நகராண்மைக் கழகம், லுவாஸ், சுற்றுச்சூழல் துறை மூன்றுக்கும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

சாவி கைக்கு வந்த பிறகு தெரியும் சாக்கடை அடைப்பு, தரை விரிசலுக்கு வழி வேறு. 24 மாதப் பழுதுப் பொறுப்புக் காலத்துக்குள் மேம்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சரிசெய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.