ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்கு வைண்டர் பெட்டி அவசியமா?

அப்பாவோ தாத்தாவோ கட்டிய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பல வீடுகளில் இன்றும் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தீபாவளிக்கோ திருமணத்துக்கோ எடுத்துப் பார்த்தால் நின்றுபோயிருக்கும். பழுதாகிவிட்டது என்று கவலைப்பட்டு, கடிகாரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் ‘வைண்டர்’ பெட்டியை வாங்க நினைப்பவர்கள் உண்டு. ஆனால், பெரும்பாலோருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஏன் நிற்கிறது?

இவ்வகைக் கடிகாரத்தில் பேட்டரி கிடையாது. கை அசையும்போது உள்ளே இருக்கும் ரோட்டர் எனும் அரைவட்ட எடை சுழன்று, சுருள்வில்லை முறுக்குகிறது. அந்த வில் தளரத் தளர முட்கள் நகர்கின்றன. பல சீக்கோ 5 கடிகாரங்களில் உள்ள 7எஸ்26 இயந்திரம், முழுமையாக முறுக்கேறினால் சுமார் 40 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியவாக்கில் நின்றுவிடும். இது பழுதல்ல, இயல்பு.

அந்த இயந்திரத்தைத் திருகாணியால் முறுக்க முடியாது. கடிகாரத்தைப் படுக்கைவசமாகப் பிடித்து அரை நிமிடம் மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஓடத் தொடங்கும். பிறகு கையில் கட்டிக்கொண்டால் போதும். இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரை முட்கள் காட்டும்போது தேதியை மாற்றக் கூடாது, பற்சக்கரங்கள் சேதமடையலாம். முட்களை முதலில் 6 மணிக்கு நகர்த்திக்கொள்வது பாதுகாப்பானது.

யாருக்குப் பயன்படும்?

பல கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுபவர்களுக்கும், தேதி, மாதம், ஆண்டு எல்லாம் காட்டும் சிக்கலான கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கும் வைண்டர் வசதியானது. தினமும் ஒரே கடிகாரத்தைக் கட்டுபவருக்கு அது வேண்டியதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதை மாற்றும் வசதி வேண்டும். 650 சுற்றில் தொடங்கி, கடிகாரம் நின்றால் மட்டும் கூட்டலாம்.

* சுழலும் திசையையும் மாற்ற முடிய வேண்டும். 7எஸ்26 இரு திசையிலும் முறுக்கேறும். வால்ஜூ 7750 போன்றவை ஒரு திசையில் மட்டுமே முறுக்கேறும்.

* இடையிடையே ஓய்வெடுத்துச் சுழல்வதே நல்லது. ஓயாமல் சுழலும் மலிவான பெட்டிகளைத் தவிர்க்கலாம்.

* மோட்டாரின் காந்தம் கடிகாரத்தைப் பாதிக்கலாம். பெட்டியில் வைத்த பிறகு கடிகாரம் திடீரென வேகமாக ஓடினால், கடைக்காரரிடம் காட்டிக் காந்தம் நீக்க வேண்டும்.

* கடிகாரத்தைத் தலையணையில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும். பெட்டியில் வைக்கும் முன்பே அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் சர்வீஸ்

பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கும். அதை வைண்டரில் வைத்து இரவும் பகலும் ஓடவிட்டால் பாகங்கள் விரைவாகத் தேயும். பாதுகாக்க நினைத்து வாங்கிய பெட்டியே கடிகாரத்தைக் கெடுத்துவிடும். எனவே, பெரியவர்கள் விட்டுச்சென்ற கடிகாரத்துக்குச் செலவு செய்ய விரும்புவோர், அதைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெயிடுவதையே முதலில் செய்ய வேண்டும். அதன்பின், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்து, அவ்வப்போது எடுத்துக் கட்டினாலே போதும்.