கடற்கரை வீட்டுக்கு எந்த மரம்?

கிளைகள் தரை தொடத் தொங்கும் வில்லோ மரத்தைக் கைப்பேசிப் படத்தில் காட்டி, "இது நம்ம ஊரில் வருமா?" என்று கேட்கிறார்கள், திருச்செந்தூர்ப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள். அழகான மரம்தான். ஆனால் குளிரில் இலையுதிர்த்து ஓய்ந்து, பிறகு தளிர்க்கிற மரம் அது. கிரிக்கெட் மட்டைக்காகக் காஷ்மீரில் வளர்க்கும் வில்லோவும் அப்படித்தான். மார்கழியிலும் வியர்க்கிற கடலோரத்துக்கு, அதுவும் உப்புக்காற்றிலும் மணலிலும், அது தோதுப்படாது.

அந்த இனத்திலேயே நம் பக்கத்து மரம் ஒன்று உண்டு: ஆற்றுப்பாலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் நிற்கும். நீண்ட கூரிய இலை, அடிப்புறம் வெளுத்திருக்கும். கிளையை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினாலே வேர்விடும். ஏரல், ஆத்தூர் பக்கம் வாய்க்காலை ஒட்டி நிலம் உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம். வேர் தண்ணீரைத் தேடி ஓடும் என்பதால் கிணறு, செப்டிக் டேங்க், குழாய் எதன் அருகிலும் வேண்டாம்.

திருச்செந்தூருக்குள் என்றால் நான் முதலில் சொல்வது பன்னீர் மரத்தைத்தான். கோயிலில் விபூதி மடித்துத் தருகிறார்களே, அதே இலை. உள்ளங்கையைவிட அகலமானது, நடுநரம்பிலிருந்து இருபுறமும் பிரியும் பன்னிரண்டு நரம்புகளும் முருகனின் பன்னிரு கைகள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பிறவியிலேயே இது கடலோர மரம். இந்தியப் பெருங்கடல், பசிபிக் தீவுக் கரைகளிலெல்லாம் இருக்கிறது. காய் கடல்நீரில் மிதந்தே கரை சேர்ந்து முளைக்கும். வெள்ளைப் பூ மாலையில் விரிந்து இரவெல்லாம் மணத்து, விடிந்ததும் உதிரும். படுக்கையறை ஜன்னலோரம் வையுங்கள். கவாத்து செய்தால் புதர்போல அடக்கமாக நிற்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நடுவது நல்லது. மூன்றடி ஆழக் குழி எடுத்து, வெறும் மணலை மறுபடி தள்ளாமல் குளத்துக் கரம்பையும் மட்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று தேரி மணலை வாரியடிக்கும். கன்று தேறும்வரை பனையோலைத் தட்டி மறைப்பு அவசியம்.

உடனே நிழல் வேண்டுமென்றால் பூவரசம்போத்து. வேலிக்கு நொச்சி, சளி பிடித்தால் ஆவி பிடிக்கவும் ஆகும். புன்னை மெதுவாகத்தான் வளரும், ஆனால் கடற்காற்றுக்கு அசையாது.

உடன்குடி, குதிரைமொழித் தேரிப் பக்கம் மனை வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே நிற்கிற பனையையும் குடை விரித்த உடைமரத்தையும் ஜேசிபி வைத்துத் தள்ளிவிடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அந்த அனுமதிக்கு அலைவதைவிட, வானம் தோண்டும் முன்பே வீட்டின் வரைபடத்தைப் பத்தடி தள்ளிப் போடச் சொல்வது சுலபம்.