செய்தது யார்? செய்யப்பட்டது எது?



முதலாண்டில் என் முதல் லேப் ரெக்கார்டு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "ஐ கனெக்டட் தி அம்மீட்டர்" என்று நான் எழுதிய இடமெல்லாம் ஒரே திருத்தம்: 'பாஸிவ்'. பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அது பெரிய தலைவலி. பிறகு பார்த்தால், சங்கதி நமக்குத் தெரிந்ததுதான்!

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தோமே, அதேதான் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ். 'தச்சன் மேசையைச் செய்தான்' என்பது செய்வினை. 'மேசை தச்சனால் செய்யப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. 'ஐ' உருபு மறைகிறது. தச்சனோடு 'ஆல்' சேருகிறது. வினையோடு 'படு' சேருகிறது. ஆங்கிலத்தில் 'ஆல்' செய்யும் வேலையை 'பை' செய்கிறது. 'படு' செய்யும் வேலையை இஸ், வாஸ் போன்ற 'பி' வினையும், பாஸ்ட் பார்ட்டிசிபிளும் சேர்ந்து செய்கின்றன.

"தி ஃபிட்டர் ரிப்பேர்ட் தி பம்ப்" என்பது "தி பம்ப் வாஸ் ரிப்பேர்ட் பை தி ஃபிட்டர்" ஆகும். காலம் மட்டும் மாறக்கூடாது. 'ரிப்பேர்ஸ்' என்றால் 'இஸ் ரிப்பேர்ட்'. 'இஸ் ரிப்பேரிங்' என்றால் 'இஸ் பீயிங் ரிப்பேர்ட்'. 'ஹாஸ் ரிப்பேர்ட்' என்றால் 'ஹாஸ் பீன் ரிப்பேர்ட்'. 'வில் ரிப்பேர்' என்றால் 'வில் பி ரிப்பேர்ட்'.

ஒரு எச்சரிக்கை! செயப்படுபொருள் இல்லாத வினைக்குப் பாஸிவ் கிடையாது. "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்", "தி கரண்ட் இஸ் ஃப்ளோடு" என்று எழுதினால் மார்க் போச்சு! 'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். ரிப்பேர் செய்தான். எதை? பம்பை. விபத்து நடந்தது. எதை? பதிலே இல்லை.

சரி, ரெக்கார்டில் ஏன் பாஸிவ் கேட்கிறார்கள்? அம்மீட்டரை யார் இணைத்தாலும் ரீடிங் ஒன்றாகத்தான் வரவேண்டும். அங்கே ஆள் முக்கியமில்லை, வேலைதான் முக்கியம். அதனால் 'பை மீ' கூட வேண்டாம். வீட்டில் நாமும் 'பல்பு மாத்தியாச்சு' என்று ஆளைச் சொல்லாமல்தானே பேசுகிறோம்!

ஆனால் இந்த வசதியே ஆபத்தும்கூட. ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் டிரில் பிட் உடைந்துபோக, "தி டிரில் பிட் வாஸ் புரோக்கன்" என்று எழுதிக் கொடுத்தோம். இலக்கணம் சரிதான். சார் படித்துவிட்டு, "பை ஹூம்ப்பா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நான்தான், "ஐ புரோக் இட், சார்" என்றேன். ஃபீடு அதிகமாகக் கொடுத்தது நான். திட்டு விழுந்தது. ஆனால் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்ததும் அன்றுதான்.

நாளை நாம் ஷிஃப்டில் நிற்கும்போது, லாக் புக்கில் "தி வால்வ் வாஸ் குளோஸ்ட்" என்று மட்டும் எழுதினால் அடுத்து வருபவர் யாரைப் போய்க் கேட்பார்? நடந்த வேலையைச் சொல்லப் பாஸிவ் போதும். பொறுப்பைச் சொல்ல ஆக்டிவ்தான் வேண்டும். இரண்டையும் பழகிக்கொள்வோம், நண்பர்களே!