எடையில்லாச் சரக்கு

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கிராமத் தொழில் என்று வாழ்ந்த காந்தியப் பொருளியலாளராகவே அவரை நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அவர் லண்டனில் பயின்று தேறி, பம்பாயில் தொழில் நடத்திய ஆடிட்டர். உலக வணிகத்தில் ஓடும் சரக்குகளிலேயே விசித்திரமான ஒன்றை வரி வரியாகத் தணிக்கை செய்தவர். அவருடைய இந்த முகம் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

அந்தச் சரக்குக்கு எடை கிடையாது. வக்கீல் சொல்லும் யோசனை, ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் எழுதும் அறிக்கை, பொறியாளர் போடும் வரைபடம், ஆடிட்டரின் கையெழுத்து எல்லாமே நாடுவிட்டு நாடு விற்பனையாகின்றன. துறைமுகத்தில் தராசில் ஏற்ற முடியாது. சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. பிறகு எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? பணத்தின் தடத்தைப் பிடித்துத்தான். வெளிநாட்டிலிருந்து தொகை வந்தால், அது எதற்காக வந்தது என்று வங்கி ஒரு குறியீட்டைப் பதிகிறது. அந்தப் பதிவுகளும் நிறுவனங்களிடம் எடுக்கும் கணக்கெடுப்புகளும் ரிசர்வ் வங்கியின் ஏட்டுக்குப் போகின்றன. 2023-24இல் இந்தியா வெளிநாடுகளுக்கு விற்ற சேவைகளின் மதிப்பு ஏறத்தாழ 34,100 கோடி டாலர். எண்ணெயும் தங்கமும் வாங்கி நமக்கு விழும் பள்ளத்தில் பெரும்பகுதியை இந்த எடையில்லாச் சரக்குதான் நிரப்புகிறது.

எல்லையைக் கடக்க இதற்கு நான்கு வழிகள் உண்டு. 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 'காட்ஸ்' என்ற சேவை வணிக ஒப்பந்தம் அவற்றை வகைப்படுத்தியிருக்கிறது. மதுரையில் உட்கார்ந்து ஒருவர் அமெரிக்கக் கம்பெனியின் வரிக் கணக்கை முடித்து இணையத்தில் அனுப்பினால், சேவை மட்டும் எல்லை தாண்டுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கண் அறுவைக்கு மதுரை வந்தால், எல்லை தாண்டுவது வாடிக்கையாளர். வெளிநாட்டுத் தணிக்கை நிறுவனம் சென்னையில் கிளை திறந்தால் முதலீடு தாண்டுகிறது. நான்காவது வழியில், நம்மூர் பொறியாளரோ செவிலியரோ தாமே அங்கே போய் ஒப்பந்தக் காலம் வரை வேலை பார்த்துத் திரும்புகிறார்.

நான்கையும் ஒப்பந்தம் ஒரே வரிசையில் வைக்கிறது. நடப்பு வேறு. உலக வணிக அமைப்பு 2017ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், உலகச் சேவை வணிகத்தில் ஏறத்தாழ 59 விழுக்காடு கிளை திறக்கும் வழியில் நடந்தது. ஆள் போகும் வழியில் நடந்தது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. பணமுள்ள நாடுகளிடம் இருப்பது முதலீடு, வளரும் நாடுகளிடம் இருப்பது ஆள். எந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

இந்தச் சரக்கை விற்பது நமக்குப் பழக்கமானது அண்மையில்தான். வாங்கிய பழக்கம் நெடுங்காலத்தது, அதுவும் கேட்காமலே வாங்கியது. பிரிட்டிஷ் ஆட்சியில் 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் ஆண்டுதோறும் லண்டனுக்கு ஒரு தொகை போனது. ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷன், விடுப்புச் சம்பளம், படைச் செலவு, இந்தியா ஆபீஸின் செலவு, ரயில்வேக்கும் கடனுக்கும் வட்டி எல்லாம் அதில் அடக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 1.7 கோடி பவுனை எட்டியிருந்தது.

அந்தப் பணம் போன விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. பெட்டியில் வெள்ளியை அடுக்கிக் கப்பலில் ஏற்றும் தேவையே பெரும்பாலும் எழவில்லை. நம் பக்கத்துப் பருத்தியை வாங்க நினைக்கும் ஆங்கிலேய வியாபாரி, லண்டனில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சரிடம் பவுன் கொடுத்து 'கவுன்சில் பில்' என்ற உண்டியலை வாங்குவார். பவுன் அங்கேயே தங்கி ஹோம் சார்ஜஸுக்கு ஈடாகிவிடும். உண்டியல் தபாலில் இந்தியா வரும். வியாபாரியின் ஏஜெண்ட் அதை அரசு கஜானாவில் நீட்டி ரூபாயாக மாற்றிக்கொள்வார். அந்த ரூபாய் குடியானவர்கள் கட்டிய வரிப்பணம். அதைக் கொண்டுபோய்ப் பருத்தி விளைவித்தவருக்கே விலையாகக் கொடுப்பார்கள். கரிசல் விவசாயி தம் பஞ்சுக்குத் தாமும் பக்கத்துக் காட்டுக்காரரும் கட்டிய கிஸ்தியையே விலையாக வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். பஞ்சு தூத்துக்குடியில் கப்பல் ஏறிப் போயிற்று. ஏட்டில் பார்த்தால் இந்தியா ஏற்றுமதியில் கொழித்த நாடு!

இந்த ஏட்டைத்தான் குமரப்பா திறந்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த அவர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் அரசு நிதியியல் பயின்றபோது, இந்தியாவின் வறுமைக்கு அரசின் வரவு செலவிலேயே காரணம் தேடி ஆய்வேடு எழுதினார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆய்வைத் தம் 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டார். 1931இல், இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான கடன் பொறுப்புகளை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழுவை அமைத்தது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி. ஷா ஆகியோருடன் குமரப்பாவும் அதில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து இந்தியாவைக் கைமாற்றிய விலை, 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு, எல்லைக்கு அப்பால் நடந்த போர்களின் செலவு எல்லாம் இந்தியாவின் பற்றில் ஏறியிருந்தன. இவை இந்தியாவின் கடன் அல்ல என்று அந்தக் குழு வாதாடியது. நல்ல ஆடிட்டர் ஒவ்வொரு பில்லிலும் பார்ப்பது இவற்றைத்தான்: இந்த வேலையைக் கேட்டது யார், விலை வைத்தது யார், ஒப்புதல் கையெழுத்துப் போட்டது யார். ஹோம் சார்ஜஸில் மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது, அது லண்டன்.

கேட்காததை வாங்கவைத்தது ஒரு பக்கம்; நம் ஆட்கள் தம் திறமையை விற்க முடியாமல் தடுத்த பூட்டு சான்றிதழில் இருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் ஏறிப் போக வசதியில்லாதவனுக்கு மூளை இருந்தும் பயனில்லை. 1930இல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கியது; நமக்கென்று மருத்துவக் கவுன்சிலை உண்டாக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டம் அதையொட்டிப் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1975இல், அதே அங்கீகாரம் மீண்டும் விலக்கப்பட்டது. காட்ஸ் ஒப்பந்தம் ஒரு நாட்டுப் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள இடம் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. தொழில் தகுதி, உரிமம் பற்றிய ஒழுங்குமுறைகளுக்கு உலக வணிக அமைப்பு முதலில் நெறி வகுத்தது குமரப்பாவின் தொழிலான கணக்கியலுக்குத்தான், 1998 டிசம்பரில்.

நாமும் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தோம். வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்யலாமா என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2012இலும், உச்ச நீதிமன்றம் 2018இலும் தீர்ப்புச் சொல்லின. எப்போதாவது வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி யோசனை சொல்லிவிட்டுத் திரும்பலாம், நிலையாக அலுவலகம் போட முடியாது என்பது சுருக்கம். 2023இல் பார் கவுன்சில், நம் வக்கீல்களை ஏற்கும் நாட்டினர் பதிவுசெய்துகொள்ள விதி வகுத்தது. பதிலுக்குப் பதில் என்ற இந்த முறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆள் போகும் வழியோ இன்னும் இறுகுகிறது. அமெரிக்கா சிறப்புத் திறனாளர்களுக்கென ஆண்டுக்கு 65,000 பேர் என்று காட்ஸில் உறுதியளித்திருந்தது. 2025 செப்டம்பரில் அத்தகையோருக்கான எச்1பி விசாவின் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. எண்ணிக்கையைத் தொடாமலே கதவை மூட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஏட்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு மருத்துவர் பிரிட்டனுக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கினால், கணக்கு விதிப்படி அவர் அந்நாட்டில் வசிப்பவர். அவர் அங்கே பார்க்கும் வைத்தியம் இந்தியாவின் சேவை ஏற்றுமதியாகாது. வீட்டுக்கு அனுப்பும் பணம் வேறொரு தலைப்பில், குடும்பத்துக்கு வந்த தொகையாக ஏறும். அவரைப் படிக்கவைத்த வரிப்பணம் எந்தத் தலைப்பிலும் ஏறாது. வணிக ஒப்பந்தம் பேச டெல்லியிலிருந்து போகிறவர்கள் அந்த வரிப்பணத் தொகையை எழுதிக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதே என் கோரிக்கை.